நிறம் டிஜிட்டலோடு பிறந்ததல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் சினிமாவும் நிறமும் பற்றிய கட்டுரையைப் படித்தேன். டிஜிட்டல் வந்த பிறகுதான் நம் படங்களில் நிறம் மனநிலையைச் சொல்ல ஆரம்பித்தது என்று அதில் ஒரு வரி. அதோடு இதழை மடித்து வைத்தவன் இரண்டு நாள் கையில் எடுக்கவில்லை. சென்னையில் ஒரு பிலிம் லேபில் 26 ஆண்டுகள் கிரேடராக, அதாவது ஷாட் ஷாட்டாக நிறத்தைச் சரிசெய்பவனாக இருந்தவன் நான். அப்படியானால் இத்தனை வருடம் நாங்கள் அந்த இருட்டறையில் என்ன செய்துகொண்டிருந்தோம்?

உங்களுக்குத் தெரியாதது இல்லை. நெகட்டிவிலிருந்து தியேட்டருக்குப் பிரிண்ட் போடும்போது சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று ஒளி. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 50 வரை எண். ஒவ்வொரு ஷாட்டுக்கும் மூன்று எண்களை நாங்கள் குறிக்க வேண்டும். நீல ஒளியைக் கூட்டினால் பிரிண்டில் மஞ்சள் ஏறும். புதிதாகச் சேரும் பையன்கள் முதல் வாரம் இதில்தான் தடுமாறுவார்கள். சாவு வீட்டுக் காட்சியில் இரண்டு பாயிண்ட் மஞ்சள் கூடிப்போனால் கல்யாண வீட்டுக் களை வந்துவிடும். ஒளிப்பதிவாளர் பக்கத்தில் நின்றுகொண்டு, “இன்னும் கொஞ்சம் குளிரா வேணும்” என்பார். அந்தக் குளிருக்கு எண் கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ 1982-ல் வந்த படம். கடைசியில் அந்தச் சின்ன மலை ரயில் நிலையம், மழை, சாம்பல் பூத்த வெளிச்சம். அங்கே ஒரு கீற்று மஞ்சள் வெயில் விழுந்திருந்தால் நமக்கெல்லாம் தொண்டை அடைத்திருக்குமா?

டிஜிட்டலை நான் குறை சொல்லவில்லை. 2000-ல் வந்த ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தவ்?’ படத்துக்காக, அமெரிக்காவின் மிசிசிப்பியின் கோடைப் பச்சையை ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் கணினியில் காய்ந்த மஞ்சளாக மாற்றினார். லேபில் செய்து பார்த்து, சரிவராமல்தான் கணினிக்குப் போனார்கள். பச்சையை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்க எங்கள் மூன்று எண்களால் முடியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கருவி புதிது என்பதற்காக எண்ணமும் புதிதாகிவிடுமா?

போன மாதம் ஒரு தொலைக்காட்சியில், புதுப்பித்த பிரதி என்று சொல்லி ஒரு பழைய படம் போட்டார்கள். நான் கிரேடிங் செய்த படம். பேத்தியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். கதாநாயகி நள்ளிரவில் லாந்தரோடு கிணற்றடிக்குப் போகும் காட்சி வந்தது. “தாத்தா, இவ்வளவு வெயில் அடிக்குதே, எதுக்கு விளக்கு?” என்று கேட்டாள். அது பட்டப்பகலில் எடுத்து இரவாக்கிய காட்சி. பகல் வெளிச்சத்தின் நீலத்தைத் தணிக்கிற 85 ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஒளியைக் குறைத்து எடுத்திருந்தார்கள்; பிரிண்டில் நாங்கள் அதை இன்னும் கீழே இறக்கினோம். நிலா வெளிச்சம் போல் தெரிய நான்கு முறை பிரிண்ட் போட்டுப் பார்த்தோம். புதுப்பித்தவர்கள் நெகட்டிவ் மங்கலாக இருக்கிறது என்று நினைத்துப் பளிச்சென்று ஆக்கிவிட்டார்கள். அந்தப் பெண் பயந்து பயந்து நடந்தது அத்தனையும் வீண். அப்புறம் எனக்குப் படம் பார்க்கவே பிடிக்கவில்லை.

சொல்ல வந்தபிறகு இதையும் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு உங்கள் இதழிலேயே ஒரு பழைய படத்தின் காட்சியை இளஞ்சிவப்பாக அச்சிட்டு, கீழே ‘அந்தக் கால நிறம்’ என்று போட்டிருந்தீர்கள். அது எந்தக் கால நிறமும் அல்ல. பழைய ஈஸ்ட்மன்கலர் என்ற வண்ண பிலிம் பிரிண்டுகளில் சயான் என்கிற பசுநீலச் சாயம் முதலில் வெளிறிப்போகும். மிச்சம் நிற்பது அந்தச் சிவப்பு. அந்தப் படம் வெளியானபோது அதில் வானம் நீலமாகத்தான் இருந்தது. அன்றைக்கே எழுத நினைத்து, பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் விமர்சனங்களில் இசை, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு என்று பெயர்கள் போடுகிறீர்கள். உடை, சண்டைப் பயிற்சிக்குக்கூட இடம் இருக்கிறது. ஒளிப்பதிவுக்குக் கீழே, நிறத்தைச் சரிசெய்பவருக்காக ‘கலரிஸ்ட்’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். என் பெயரைப் போட இனி வழியில்லை. இன்று கணினியில் நிறம் சரிசெய்கிற டி.ஐ. அறைகளில் விடிய விடியக் கண்ணைக் கெடுத்துக்கொள்கிற பிள்ளைகளின் பெயராவது வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் கிரேடர்,
சாலிகிராமம், சென்னை