காற்றாலைக் குத்தகை: காணி உறுதி இல்லாதவரையும் கணக்கில் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நுவரெலியா மாவட்டத்து அம்பேவெலைப் பால் பண்ணைப் பக்கம் சுழலும் காற்றாலைகளைப் பார்த்துவிட்டு, எங்கள் கந்தப்பளைக்கும் காற்றாலைக் கம்பனிகள் குத்தகைக்குக் காணி கேட்டு வரமாட்டார்களா என்று எங்கள் ஆட்கள் பேசிக்கொள்கிறார்கள். நானும் லீக்ஸ், கரட் போடுகிறவன். உர விலை ஏறி, மரக்கறி விலை விழும் மாதத்தில் குத்தகைக் காசு பெரிய ஆறுதல்தான். வரட்டும்.

ஆனால் அந்தக் காசு காணி உறுதிப் பத்திரம் வைத்திருப்பவர் கைக்குத்தான் போகும். 1970களில் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போன தோட்டக் காணியில், லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) பின்னால் தலைமுறையாகப் பயிர் செய்யும் குடும்பத்திடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. பாத்தியை இழப்பவர்களுக்கும் குத்தகையில் பங்கு வேண்டும். இதை ஒப்பந்தத்திலேயே, தமிழிலும் எழுத வேண்டும்.

கோபுரம் நிற்கும் இடம் கொஞ்சம்தான், பாதைதான் காணியை விழுங்கும். நீளமான இறக்கையை ஏற்றிய லொறி எங்கள் வளைவுகளில் திரும்ப, சரிவை வெட்டியே ஆக வேண்டும். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மண்ணுக்குள் போனவர்கள் நம் சனங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையைப் பார்க்காமல் யாரும் கையொப்பம் வைக்கக்கூடாது.

இருபது, இருபத்தைந்து வருடத்தில் காற்றாலையின் ஆயுள் முடியும். அப்போது கொங்கிறீட்டைக் கிளறி எடுக்கும் செலவை, முதல் வருடமே கம்பனி வங்கியில் வைப்பிலிட வேண்டும்.

இப்படிக்கு,
மரக்கறி விவசாயி ஒருவர்,
கந்தப்பளை