பேட்டரிமேல் புதிதாக ஒரு க்யூஆர் கோடு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

இனி நாங்கள் அனுப்பும் பேட்டரிகளின் பக்கவாட்டில் ஒரு க்யூஆர் கோடு இருக்கும். ஆர்டர் படிவமும் முன்பைவிட நீண்டிருக்கிறது. ஏன் என்று பலர் கேட்டுவிட்டீர்கள், அதனால்தான் இந்த மடல்.

பேட்டரிகளுக்கென்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்பனைக்கு வரும் மின்கார், மின்சைக்கிள், மின்ஸ்கூட்டர் பேட்டரிகளுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் வேண்டும், அதாவது அந்த பேட்டரியின் விவரங்கள் அடங்கிய மின்பதிவு. மாடலுக்கு ஒன்று போதாது, ஒவ்வொரு பேட்டரிக்கும் தனித்தனியாக. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் யார், எங்கே தயாரித்தது, உள்ளே என்ன வேதிப்பொருள், கார்பன் தடம் (அதனால் வெளியாகும் கார்பன் வாயுக்களின் அளவு) எவ்வளவு என்பதை யாரும் பார்க்கலாம். எப்படிப் பிரிப்பது, எத்தனை முறை சார்ஜ் ஏறியது போன்றவை பழுதுபார்ப்பவர், மறுசுழற்சி செய்பவர் போன்றோருக்கு மட்டும்.

பார்ப்பதற்கு இது கணினி வேலை மாதிரி இருக்கும். ஆனால் எங்கள் தயாரிப்பையே மாற்றியது இதுதான். முன்பெல்லாம் அட்டைப்பெட்டியில் ஒரு பச்சை இலையை அச்சடித்தால் 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' ஆகிவிடும். இப்போது கார்பன் தடம் எவ்வளவு என்று எண்ணில் கேட்கிறார்கள், மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்றும் கேட்கிறார்கள். பல பேட்டரிகளில் சேரும் கோபால்ட் என்ற உலோகத்தில் பெரும்பகுதி காங்கோ ஜனநாயகக் குடியரசில் தோண்டப்பட்டு, சீனாவில் சுத்திகரிக்கப்பட்டு, பல கைகள் மாறி, பேட்டரிக்குள் இருக்கும் மின்கலமான செல்லுக்குள் வருகிறது. செல் சப்ளையர் தரும் ஒரு பக்கச் சான்றிதழை ஃபைலில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்த காலம் போய்விட்டது. ஒவ்வொரு லாட்டுக்கும் தகவல் கேட்டோம். சிலர் தந்தார்கள், சிலர் பதிலே போடவில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்து, பெரும்பாலான மாடல்களை லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லுக்கு மாற்றிவிட்டோம். அதில் கோபால்டும் இல்லை, நிக்கலும் இல்லை. அதே அளவு மின்சாரத்துக்கு எடை கொஞ்சம் கூடும், அதை மறைக்க விரும்பவில்லை.

கார் பேட்டரிகளுக்கு அடுத்த கெடுவும் வைத்திருக்கிறார்கள். 2031 ஆகஸ்ட் முதல் அவற்றில் உள்ள கோபால்டில் குறைந்தது 16 சதவீதமும், லித்தியத்திலும் நிக்கலிலும் 6 சதவீதமும் மறுசுழற்சியில் மீட்டதாக இருக்க வேண்டும்.

சட்டத்தின் நோக்கம் நியாயமானது என்பதே எங்கள் எண்ணம். ஆனால் சுமை எல்லோர்மீதும் ஒரே மாதிரி விழவில்லை. பெரிய கம்பெனியில் இதற்கென்று ஒரு துறையே இருக்கும். எங்களிடம் பில் போடுபவர்தான் இந்தத் தகவல்களையும் கணினியில் ஏற்றுகிறார். டெலிவரி ஓரிரு நாள் தள்ளிப்போனால் அதுதான் காரணம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் பக்கம் என்ன வேலை? ஸ்டிக்கரை உரிக்காதீர்கள். படிவத்தில் எந்த நாட்டுக்குப் போகிறது என்பதை மறக்காமல் நிரப்புங்கள். ஐரோப்பாவுக்கு அனுப்பாதவர்களுக்கும் இதே கோடுதான் வரும், இரண்டு வகையாகத் தயாரிக்க எங்களால் முடியாது. பழைய பேட்டரியை எடுத்து சோலார் சேமிப்புக்கு மாற்றி ஐரோப்பாவில் விற்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: அப்போது பழைய பாஸ்போர்ட்டோடு இணைத்துப் புதிய பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், அந்தப் பொறுப்பு உங்களுடையது. அப்புறம், வாரண்டி கேட்டு வரும்போது பில் தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, க்யூஆர் கோடைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பேட்டரி தயாரிப்பாளர்கள்