யூதர்களின் அன்றாட வாழ்க்கையையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

யூதர்களின் வரலாறு பற்றிய கட்டுரை படித்தேன். நாடுகடத்தல், படுகொலை எல்லாம் சொல்லவேண்டியவைதான். ஆனால் அந்த மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது அதில் வரவே இல்லை.

கடவுளின் பெயர் எழுதிய தாளை யூதர்கள் குப்பையில் போடமாட்டார்கள். தொழுகைக்கூடத்தில் 'கெனிசா' என்ற அறையில் சேர்த்து வைப்பார்கள். பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் வேதச்சுவடிகளோடு திருமண ஒப்பந்தம், கடைக்கணக்கு, பிள்ளைகள் எழுத்துப் பழகிய தாள் என்று எல்லாமே பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்தன. தமிழை அரபு எழுத்தில் எழுதும் நம் அரபுத்தமிழ் போல, பல கடிதங்கள் அரபு மொழியை எபிரேய எழுத்தில் எழுதியவை. 1896 இறுதியில் அங்கே போன யூத அறிஞர் சாலமன் ஷெக்டர் 1,90,000-க்கும் மேற்பட்ட துண்டுகளை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்தார்.

அந்தக் கெனிசாவில் கிடைத்த ஒரு கடிதம் என்னை உலுக்கிவிட்டது. யூத ஞானி மைமோனிடிசுக்கு அவர் தம்பி டேவிட், இந்தியாவுக்குக் கப்பலேறப்போவதாகச் செங்கடல் துறைமுகத்திலிருந்து எழுதியது. தம்பி கடலில் மூழ்கி இறந்தார். அண்ணன் ஏறக்குறைய ஓர் ஆண்டு படுத்த படுக்கையானார்.

இந்தக் கெனிசாவைப் பற்றி ஒரு தொடர் வெளியிடுங்கள். 12-ஆம் நூற்றாண்டில் மங்களூரில் தங்கி வணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜுவின் கடிதங்களும் அதில் உண்டு. அவரிலிருந்தே தொடங்கலாம்.

வாசகர், கும்பகோணம்