பிப்ரவரி 8: திருக்கடையூர், தரங்கம்பாடி பயணம்

நண்பர்களே, வணக்கம்.

நம் குழுவின் குடும்பப் பயணம் பிப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமை. காலை சரியாக 6 மணிக்கு மயிலாடுதுறை பேருந்து நிலையத்திலிருந்து வேன் கிளம்பும்.

1. முதலில் திருக்கடையூர். தை மாதம், அதுவும் ஞாயிறு. மணிவிழா, சதாபிஷேகக் கூட்டம் நிறைய இருக்கும். மதியம் நடை சாத்திவிடுவார்கள். தாமதம் வேண்டாம்.

2. அப்புறம் தரங்கம்பாடி. 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டையும் அதன் அருங்காட்சியகமும். 1706-இல் வந்து இறங்கிய ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு இங்கேதான் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். அவர் கல்லறை, 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள் இருக்கிறது. ஆராதனை நடந்தால் முடியும்வரை வெளியே காத்திருப்போம்.

3. கோட்டைக்கு வடக்கே, கரையை ஒட்டி மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சமிருக்கும் கருங்கல்லில் உப்புக்காற்று அரித்த தடம் கையில் தட்டுப்படும். எனக்கு இந்தப் பயணத்தில் முக்கியமான இடம் இதுதான். பிள்ளைகளை அவசியம் அழைத்து வாருங்கள்.

4. பூம்புகார் இம்முறை இல்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் அடைத்தால் எதையும் நின்று பார்க்க முடியாது.

5. தொப்பி, தண்ணீர் கட்டாயம். தரங்கம்பாடியில் அலை வேகம் அதிகம், யாரும் கடலில் இறங்க வேண்டாம்.

வருபவர்கள் பெயர், எத்தனை பேர், முதியவர்கள் உண்டா என்று பிப்ரவரி 1-க்குள் இங்கேயே பதில் போடுங்கள். அதை வைத்துத்தான் வேன் பேச வேண்டும்.