செயலாளர் ஆண்டறிக்கை: நான்கு முறை எழுதிய மனு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சிறார்களுக்கு சிகரெட் விற்கும் கடைகளில் உள்ளாட்சி நிர்வாகம் சோதனை நடத்த வேண்டும் என்று மனு கொடுக்க, சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். ஒரு பக்கத்தில் முடிகிற வேலை என்றுதான் நானும் நினைத்தேன். நான்கு முறை திருத்தி எழுத வேண்டியிருந்தது.

முதல் வரைவில் "சோதனை நடத்துக" என்று மட்டும் இருந்தது. அதிகாரி வந்து, அறிவிப்புப் பலகை மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனால் அதுவும் சோதனைதானே என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அதிகாரி நிற்கும்போது எந்தக் கடைக்காரர் பையனுக்கு விற்பார்? நியாயமான கேள்வி.

ஆகவே இரண்டாம் வரைவில் மாதிரிக் கொள்முதல் கேட்டோம். பெற்றோர் சம்மதத்தோடு வயது குறைந்த ஒருவரைக் கடைக்கு அனுப்பி வாங்கச் சொல்வது அது. அதிகாரி சற்றுத் தள்ளி நிற்பார். பிரிட்டனில் உள்ளாட்சி மன்ற அதிகாரிகள் இப்படிச் செய்கிறார்கள். அமெரிக்காவில் சிறாருக்குப் புகையிலை விற்பதைத் தடுக்க 1992-இல் வந்த சைனார் சட்டத் திருத்தத்தின்படி, முன்னறிவிப்பு இல்லாத சோதனைகளை மாநிலங்கள் ஆண்டுதோறும் நடத்த வேண்டும். சோதித்த கடைகளில் சிறாருக்கு விற்பவை 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த மாநிலத்துக்கு வரும் மத்திய நிதிக்கு ஆபத்து.

அதற்கும் முன்னோடி இல்லினாய் மாநிலத்தின் உட்ரிட்ஜ் என்ற சிற்றூர். 1989-இல் உரிமம், திடீர்ச் சோதனை, அபராதம், உரிம நிறுத்தம் எல்லாவற்றையும் ஒரே விதியில் சேர்த்தது. அதற்கு முன் சோதித்தபோது சுமார் 70 சதவீதக் கடைகள் சிறாருக்கு விற்றன. ஒன்றரை ஆண்டு கழித்து 5 சதவீதத்துக்கும் குறைவு. மாணவர்களிடையே புகைப்பதும் பாதிக்கு மேல் குறைந்தது. இதைக் கூட்டத்தில் படித்தபோது கைதட்டலே எழுந்தது.

கைதட்டல் கொஞ்சம் அவசரம். 1990-களில் மாசசூசெட்ஸில் ஆறு ஊர்களில் ஓர் ஆய்வு நடந்தது. சோதனை நடந்த மூன்று ஊர்களில் 82 சதவீதக் கடைகள் சட்டப்படி நடந்தன. ஆனால் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு சிகரெட் கிடைப்பது பெரிதாகக் குறையவில்லை, புகைப்பதும் குறையவில்லை. விற்கிற சில கடைகள் எவை என்று பிள்ளைகளுக்குத் தெரியாதா என்ன? அப்புறம், பெரிய பையன்கள் வாங்கிக் கொடுப்பதும் உண்டே. மாதிரிக் கொள்முதலுக்குப் போகும் பிள்ளை பொய் சொல்லாது, கெஞ்சாது. நிஜத்தில் வாங்க வருபவன் இரண்டும் செய்வான்.

எனவே மூன்றாம் வரைவில், பிடிபட்ட கடையைத் திரும்பத் திரும்பச் சோதிக்கவும், கல்லாவில் நிற்கும் ஊழியரோடு விடாமல் உரிமம் வைத்திருப்பவரையும் பொறுப்பாக்கவும் கேட்டோம். 2005-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை, 16-ஆம் பிரிவில், ஒற்றை சிகரெட் விற்பனையைத் தடைசெய்ய முயலச் சொல்கிறது. நான்காம் வரைவில் அதையும் சேர்த்தோம். சிறுவன் கையில் இருக்கும் சில்லறைக்கு பாக்கெட் கிடைக்காது, ஒன்று கிடைக்கும். என்னைக் கேட்டால் மனுவில் முக்கியமான வரி அதுதான்.

மனுவை ஒப்படைத்துவிட்டோம். "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரிப் பதில் வந்திருக்கிறது. எத்தனை சோதனை, எத்தனை பேர் விற்றார்கள் என்ற கணக்கைப் பொதுவில் வெளியிடக் கேட்டு நினைவூட்டல் அனுப்ப, இந்தக் கூட்டத்தின் ஒப்புதலைக் கோருகிறேன்.

வரவு செலவை பொருளாளர் தனியே வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்