செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வந்தது பெரும்பாலும் நம் சங்கத்தார் புதுப்பிக்கும் பழைய கார்களின் சாலைச் சோதனை பற்றித்தான்.

ஷெட்டில் ஸ்டார்ட் ஆகி நிற்கும் காரை இனி ‘ரெடி’ என்று சொல்வதில்லை எனச் சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். முதலில் 5 கிலோமீட்டர், அப்புறம் 25, கடைசியில் குன்னூர் மலைப்பாதை. மூன்றையும் முடித்த கார்தான் அணிவகுப்புக்கு வரும். இது வீண் அலைச்சல் என்று சிலர் வருத்தப்பட்டார்கள். அவர்களுக்காகவே என் ஹெரால்டின் கதையைச் சொல்கிறேன்.

சென்னையில் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், 948 சிசி இன்ஜின். வேலையெல்லாம் முடித்து எடுத்தபோது பட்டுப்போல ஓடியது. மேட்டுப்பாளையம் சாலையில் காரமடை தாண்டியதும் வெட்டி வெட்டி இழுத்து நின்றுவிட்டது. அரை மணி நேரம் நிழலில் விட்டதும் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆனது. மறு ஞாயிறும் அதேதான். பெட்ரோல் சூட்டில் ஆவியாகிறது என்று நினைத்து பம்ப்பில் ஈரத்துணி சுற்றினோம். கார்பரேட்டரை இரண்டு முறை கழற்றி ஊதினோம். பலனில்லை.

மூன்றாம் ஞாயிறு நம் மூத்த மெக்கானிக் அண்ணனும் உடன் வந்தார். ஹெரால்டில் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதும் மேலே தூக்கிக்கொள்ளும். கார் நின்றதும் அவர் முன் டயர்மேல் உட்கார்ந்து, சூடு ஆறும் முன்பே, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, என்னைச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். “பாயிண்ட்டைப் பாருங்க தம்பி” என்றார். மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் அந்தச் சின்ன சுவிட்ச் திறக்கும்போதெல்லாம் பளிச் பளிச்சென்று பொறி பறந்தது. சூடானதும் அந்தப் பொறியை அடக்க வேண்டிய கண்டென்சர் செத்துப்போகிறது, ஆறினால் பிழைத்துக்கொள்கிறது! சட்டைப்பையிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டினார், பாயிண்ட் இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு வைத்தார். அன்று மாலையே குன்னூர் ஏறி இறங்கினோம். ஷெட்டில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்திருந்தால் இந்தக் குறை ஒருநாளும் தெரிந்திருக்காது.

மலையிலிருந்து இறங்குவதுதான் பெரிய சோதனை. ஓர் உறுப்பினரின் அம்பாசடர் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வரும்போது பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே போனது. இரண்டாம் கியரில் வந்ததால் தப்பித்தோம். பல வருடம் மாற்றாத பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். சூடேறினால் கொதித்துக் குமிழி கட்டிவிடும். தயவுசெய்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள்.

மின்சாரப் பக்கம், பேட்டரியைச் சார்ஜ் செய்ய டைனமோ உள்ள வண்டிகளை இரவிலும் ஓட்டிப் பார்த்தோம். ஹெட்லைட், வைப்பர் இரண்டையும் போட்டு, இன்ஜின் வேகம் கூடும்போது பேட்டரியில் 13.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சரி. சிக்னலில் நிற்கும்போது விளக்கு மங்குவது டைனமோவின் குணம், அதற்காகப் பயப்பட வேண்டாம்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை இளக்கிவிடுகிறது. எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றி, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இன்னொன்று, 2021 விதிப்படி 50 வயது கடந்த கார்களுக்கான ‘வி.ஏ.’ வரிசைப் பதிவை எடுத்தால் வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்ட முடியாது. யோசித்து விண்ணப்பியுங்கள்.

வரும் ஆண்டில் ஒவ்வொரு சோதனையிலும் பின்னால் ஒரு துணை வண்டியும் அதில் தீயணைப்பானும் கட்டாயம் வேண்டும் என்று நிர்வாகக் குழு தீர்மானம் கொண்டுவருகிறது. அதையும் இந்த அறிக்கையையும் ஏற்றுத் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்