மரச் செப்பில் எது கைவேலை? கைவினைப் பொருள்கள் வளர்ச்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். திருநெல்வேலி மாவட்டத்தில் மரப்பொம்மை விற்கும் சிறு கடை ஒன்று வைத்திருக்கிறேன். அம்பாசமுத்திரம் செப்புச் சாமான் (குழந்தைகள் வைத்து விளையாடும் சின்ன மரப் பாத்திரங்கள்), கர்நாடகத்தின் சன்னபட்டணா பொம்மை, கொஞ்சம் ஆந்திராவின் எட்டிகொப்பாகா சரக்கு, இவ்வளவுதான் என் அலமாரியில். வாங்க வருகிறவர்கள் இப்போது விலைக்கு முன்னால் கேட்பது, "இது கையால் செய்ததா, மெஷினா?" என்பதைத்தான். இதற்கு நேர்மையாகப் பதில் சொல்வது வரவரக் கஷ்டமாகிவருகிறது. அதைச் சரிசெய்ய உங்கள் அலுவலகத்தால் முடியும் என்பதால் எழுதுகிறேன்.

மோட்டார் ஓடினாலே கைவேலை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். மரத்தைச் சுழலவிட்டு உளியால் உருவம் கொடுக்கும் கடைசல் பட்டறைக்குள் ஒருமுறை போய் நின்றால் அந்த நினைப்பு போய்விடும். வில்லில் கயிறு கட்டி இழுத்து மரத்தைச் சுழற்றிய காலத்திலும் அது ஒரு இயந்திரம்தான். அந்த இழுப்பை இப்போது மின்மோட்டார் செய்கிறது, அவ்வளவே. உளியை எங்கே வைப்பது, எவ்வளவு சாய்ப்பது, குடத்தின் கழுத்து எந்த இடத்தில் ஒடுங்க வேண்டும் என்பதெல்லாம் கடைபவரின் கையும் கண்ணும் பார்த்துக்கொள்கின்றன. மரத்தில் ஒரு கணு வந்தால் அங்கே அவர் கை தானாகத் தளரும். பக்கத்தில் முன்பே செய்த ஒரு செப்பை வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்தே அடுத்ததைக் கடைகிறார்கள்.

அப்புறம் அரக்கு. வண்ணம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்துவார்கள். உராய்வில் எழும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் பிடித்துக்கொள்ளும். அழுத்தம் குறைந்தால் திட்டுத் திட்டாக நிற்கும். கூடினால் ஓரம் கருகும். மேலே தாழை ஓலையை வைத்துத் தேய்த்தால் பளபளப்பு வந்துவிடும். தூரிகைக்கு இங்கே வேலையே இல்லை. ஒரு அம்மிக்குழவியின் நுனியில் சிவப்பு முடிந்து மஞ்சள் தொடங்கும் அந்தக் கோடு, என்னைக் கேட்டால், இந்தத் தொழிலின் முழுத் திறமையும் தெரியும் இடம்.

இன்னொரு வகைச் சரக்கு வேறு வழியில் வருகிறது. கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் லேத் (கடைசல் எந்திரம்), அதாவது சி.என்.சி., அல்லது அச்சு ஒன்றைத் தடவிக்கொண்டே அதே வடிவத்தை வெட்டும் காப்பி லேத். ஒருமுறை வடிவத்தை ஏற்றிவிட்டால் ஆயிரம் குடமும் அச்சு மாறாமல் விழும். பிறகு ஸ்ப்ரே கன்னில் பெயின்ட். அரக்கு, சுழலும் மரத்தில் குச்சி தொட்ட இடத்தில் மட்டும்தான் பிடிக்கும். ஸ்ப்ரே துளைக்குள்ளும் அடிப்பக்கத்திலும் கூடப் படிந்திருக்கும். எனக்குத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடுகிறது. பிளாஸ்டிக் உறைக்குள் பார்க்கும் வாடிக்கையாளருக்குத் தெரிய வழியில்லை. இரண்டு உறைகளின் மேலும் ஒட்டியிருப்பது ஒரே வாசகம்: 'பாரம்பரியக் கைவினை'.

எனக்கு சி.என்.சி.யோடு சண்டை கிடையாது. வண்டிப் பொம்மையின் நான்கு சக்கரமும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்றால் அந்த லேத்தே மேல். தூசி உறிஞ்சும் குழாய் வைத்த ஆலையில் வேலை செய்பவரின் நெஞ்சு, மரத்தூளுக்கு நடுவே நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் நம் கடைசல்காரரின் நெஞ்சைவிட நன்றாக இருக்கும். எனக்கு வலிப்பது, அந்தச் சரக்கு கைவேலையின் பெயரைப் போட்டுக்கொண்டு வந்து கைவேலையின் விலையையே கீழே இழுப்பது.

இங்கேதான் சட்டம் உள்ளே வருகிறது. 2020இல் வந்த பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். உங்கள் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர் தாமே செய்து விற்பதற்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருளின் பதிவு உரிமையாளரும் அங்கீகாரம் பெற்ற பயனாளரும் செய்து விற்பதற்கும் 2020 டிசம்பரில் விலக்கு தந்தார்கள். அது நியாயமான விலக்கு. வீட்டுத் திண்ணையில் பட்டறை போட்டிருப்பவர் ஆய்வகத்துக்கும் உரிமத்துக்கும் பணம் கட்ட வேண்டும் என்றால் மறுநாளே பட்டறையை மூடிவிடுவார்.

ஆனால் விலக்கு என்றால் அந்தப் பொம்மையைக் கட்டாயமாகச் சோதிக்கும் இடம் எதுவும் இல்லை என்றும் அர்த்தம். குழந்தை அதை வாயில் வைக்கும். கையால் செய்தது என்பதால் மட்டும் வண்ணம் பாதுகாப்பானது ஆகிவிடாது. அரக்கு பூச்சி தரும் பிசின்தான், ஆனால் அதில் கலக்கும் நிறமி சந்தையில் வாங்கும் பொடியாக இருந்தால் அதில் ஈயம் இருக்கிறதா என்று கடைபவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்று 2016ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. சுவருக்கு இருக்கும் அக்கறை செப்புக்கும் வேண்டாமா?

முடியாத காரியமும் இல்லை. எட்டிகொப்பாகாவில் கைவினைஞர் சி.வி. ராஜு தாவரச் சாயங்களைத் திரும்பக் கொண்டுவந்தார். 2023இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அங்கே மாறியது வண்ணம்தான். லேத்தை யாரும் தூக்கிப் போடவில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். பொம்மை பொம்மையாகச் சோதிக்க வேண்டாம், நிறமியைச் சோதியுங்கள். ஒரு மூட்டைப் பொடியிலிருந்து எத்தனையோ ஆயிரம் செப்புகளுக்கு வண்ணம் போகும். அந்த மூட்டைக்கு ஒரே சோதனை, செலவு அரசுடையது, தேறிய நிறமி பட்டறைகளுக்கு மானிய விலையில். இப்படிச் செய்தால் விலக்கும் நிற்கும், குழந்தையும் தப்பும்.

இன்னொன்று, காந்தி சில்ப் பஜார் போன்ற உங்கள் கண்காட்சிகளில் விற்கும் ஒவ்வொரு மரப்பொம்மையோடும் ஒரு சின்னச் சீட்டு இருக்கட்டும். என்ன மரம், யார் கை அல்லது எந்த லேத் வடிவம் கொடுத்தது, மேலே இருப்பது அரக்கா பெயின்டா. மஞ்சள்கடம்பு கிடைக்காமல் ரப்பர் மரத்தில் கடைந்திருந்தால் அப்படியே எழுதட்டும், அதில் கேவலம் ஒன்றும் இல்லை. ரம்பத்தில் துண்டு போட்டு, டிரில்லில் துளையிட்டு, உளியில் கடைந்தவர் தாராளமாகக் 'கையால் கடைந்தது' என்று எழுதலாம். சி.என்.சி.யில் வெட்டியவர் அதைச் சொல்லி, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு விற்கட்டும். அவர் சரக்கையும் நான் வாங்கி வைப்பேன், வேறு தட்டில்.

கைவினைஞருக்கு நீங்கள் தரும் அடையாள அட்டையான பெஹ்சான் அட்டையைக் கொடுக்கும்போது பட்டறைக்கு நேரில் வந்து பாருங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். காகிதத்தில் கடைசல்காரராக இருப்பவர் உண்மையில் கடைசல்காரர்தானா என்று தெரிந்துகொள்ள, ஒரு உளியைக் கையில் கொடுத்துக் கடையச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
மரப்பொம்மை விற்கும் ஒரு கடைக்காரன்